பழைய கணினித் திரையின் வயதை மென்பொருள் எவ்வாறு அறிகிறது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்கு அலுவலகத்தில் பணிபுரியும் வாசகர், கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா பக்கம் சென்று ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட கணினித் திரை ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறார். "அதிகம் ஓடாத திரை" என்று கடைக்காரர் சொன்னால் அதை மென்பொருள் கொண்டு சரிபார்க்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. விசைப்பலகையிலிருந்தே திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் நிரல் ஒன்றை அலுவலகத்தில் பார்த்ததாகவும், படம் கணினியிலிருந்து திரைக்கு மட்டுமே செல்லும்போது திரை தன்னைப் பற்றிய செய்தியைக் கணினிக்குத் திருப்பிச் சொல்வது எப்படி என்று விளங்கவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், கணினியையும் திரையையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளின் செருகியில் உள்ள 15ஆம் 16ஆம் உலோக முனைகளில் இருக்கிறது.

அந்தக் கேபிளில் மொத்தம் 19 முனைகள் உள்ளன. முழு எச்டி படத்தை நொடிக்கு 60 முறை அனுப்புவதற்கு ஏறத்தாழ 3 பில்லியன் பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற குறிகள், தேவைப்படுகின்றன. அந்தச் சுமையைச் சுமக்கும் கம்பிகள் ஒருவழிப் பாதைகளே. ஆனால் 15, 16ஆம் முனைகளில் நொடிக்கு சுமார் 100,000 பிட்டுகள் மட்டுமே செல்லும் இருவழித் தடம் ஒன்று தனியாக அமைந்திருக்கிறது. பழைய விஜிஏ கேபிளில் அதே தடம் 12, 15ஆம் முனைகளில் இருந்தது. டிஸ்பிளேபோர்ட் என்ற மற்றொரு வகை இணைப்பில் அதற்கெனத் தனிக் கம்பிகள் இல்லையென்றாலும், அதன் துணைத் தடத்திற்குள் அதே செய்திகள் பொதிந்து அனுப்பப்படுகின்றன.

இந்தத் தடத்தின் விதிமுறைக்கு ஐ2சி என்று பெயர். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் குறைந்த கம்பிகளைக் கொண்டு ஒன்றோடொன்று பேசுவதற்காக, நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கியது இது. மின்னணுவியலில் இத்தனை சிக்கனமான அழகு கொண்ட ஏற்பாடு வேறொன்று எனக்குத் தெரியாது என்பதால், இங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். ஒரு கம்பி தரவுக்கு, மற்றொன்று கடிகாரத் துடிப்புக்கு. இரண்டு கம்பிகளும் மின்தடை வழியாக மேல் மின்னழுத்தத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், யாரும் தொடாத நிலையில் அவை உயர்ந்தே, அதாவது 1 என்ற நிலையிலேயே நிற்கும். இணைந்திருக்கும் எந்தச் சாதனத்துக்கும் கம்பியை மேலே தள்ளும் ஆற்றல் கிடையாது. கீழே இழுத்து 0 ஆக்கவும், பின்னர் விட்டுவிடவும் மட்டுமே முடியும். இறுக்கிக் கட்டிய துணிக்கொடியை யார் வேண்டுமானாலும் பிடித்துத் தாழ்த்தலாம், கையை விட்டால் அது தானே மேலெழும் என்பதைப் போன்றது இது. ஒருவர் மேலே தள்ள மற்றவர் கீழே இழுக்கும் மோதலுக்கு இங்கே இடமே இல்லாததால், இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் பேசினாலும் எந்தச் சில்லும் கருகுவதில்லை.

கணினி ஒரு சாதனத்தை அழைக்கும் முறை இன்னும் நேர்த்தியானது. அது 7 பிட் முகவரியையும், எழுதப் போகிறதா படிக்கப் போகிறதா என்பதைக் காட்டும் எட்டாவது பிட்டையும் அனுப்பிவிட்டு, ஒன்பதாவது துடிப்பின்போது கம்பியைக் கைவிட்டுவிடுகிறது. அந்த முகவரிக்கு உரிய சாதனம் உண்மையிலேயே மறுமுனையில் இருந்தால், அந்த ஒரு துடிப்புக்குள் அது கம்பியைக் கீழே இழுத்து "இருக்கிறேன்" என்று தெரிவிக்கும். யாரும் இல்லையென்றால் கம்பி உயர்ந்தபடியே நிற்க, கணினிக்கு விவரம் புரிந்துவிடும்.

முகவரி 80இல் இருப்பது ஒரு சிறு நினைவகச் சில்லு. திரையின் பிறப்புச் சான்றிதழ் அதில்தான் இருக்கிறது. ஈடிஐடி எனப்படும் இந்தத் தரவை, திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 1994இல் தரப்படுத்தியது. அதன் அடிப்படைப் பகுதி 128 பைட் மட்டுமே; ஒரு பைட் என்பது 8 பிட். உற்பத்தியாளரின் பெயர் மூன்றெழுத்துக் குறியாக, எழுத்துக்கு 5 பிட் வீதம் இரண்டு பைட்டுகளுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். எல்ஜி திரைகள் இன்றும் 'ஜிஎஸ்எம்' என்றே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன; கோல்ட்ஸ்டார் என்ற பழைய பெயரின் மிச்சம் அது. தயாரிக்கப்பட்ட வாரமும் ஆண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஆண்டுக்கு உரிய பைட்டில் 29 என்றிருந்தால், 1990ஐக் கூட்டி 2019 என்று படிக்க வேண்டும். வாரத்தின் இடத்தில் 255 என்று எழுதப்பட்டிருந்தால் மட்டும், அந்த ஆண்டு தயாரிப்பு ஆண்டன்று, அந்த மாதிரிக்கு உரிய ஆண்டு. இந்த நினைவகத்துக்கு வேண்டிய 5 வோல்ட் மின்சாரத்தைக் கணினியே 18ஆம் முனை வழியாகக் கொடுப்பதால், பெரும்பாலும் திரையின் மின்கம்பியைப் பிடுங்கி வைத்திருந்தாலும் இதைப் படித்துவிடலாம்.

பிறந்த நாள் தெரிந்தால் உழைத்த நேரம் தெரிந்துவிடாது. அதற்கு முகவரி 55ஐ அழைக்க வேண்டும். அங்கே பதில் சொல்வது வெறும் நினைவகமன்று, திரைக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு. டிடிசி/சிஐ என்ற இந்த விதிமுறைதான் வாசகர் பார்த்த நிரலுக்கும் அடிப்படை. ஒளியை 50க்குக் கொண்டுவர அந்த நிரல் அனுப்பிய முழுச் செய்தியும் இவ்வளவுதான்: 110, 81, 132, 3, 16, 0, 50, 154. முதல் எண் 55இன் இருமடங்கு, அதாவது முகவரியோடு 'எழுதுகிறேன்' என்ற பிட் சேர்ந்தது. 81 அனுப்புநரைக் குறிக்கிறது. 132 என்பது 128உடன் 4, அடுத்து நான்கு பைட்டுகள் வருகின்றன என்ற அறிவிப்பு. 3 என்றால் 'மாற்று'. 16 என்றால் ஒளி. அதன்பின் இரண்டு பைட்டில் மதிப்பு. கடைசி 154 சரிபார்ப்பு எண்: முந்தைய ஏழு எண்களையும் இருமத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 1கள் ஒற்றைப்படையாக வரும் நெடுவரிசைக்கு 1 என்றும் மற்றதற்கு 0 என்றும் போட்டால் இது கிடைக்கும். தாளும் பென்சிலும் உள்ளவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

16க்குப் பதில் 18 அனுப்பினால் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடும் (கான்ட்ராஸ்ட்), 96 அனுப்பினால் உள்ளீட்டு முனையும் மாறும். நம் வாசகருக்கு வேண்டிய குறியீடு 192. அதைக் கேட்டு, 40 மில்லிநொடி பொறுத்துப் படித்தால், திரை இதுவரை இயங்கிய மணி நேரம் எண்ணாக வரும். நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 5 நாள் என்று ஓடிய அலுவலகத் திரை ஆண்டுக்கு 2,340 மணியைத் தொடும். மூன்றாண்டில் ஏறத்தாழ 7,000. எல்இடி பின்னொளி பாதி வெளிச்சத்துக்கு இறங்க 30,000 முதல் 50,000 மணி வரை ஆகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே 7,000 என்ற எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அறிவிப்புப் பலகையாக இரவும் பகலும் எரிந்த திரையோ ஓராண்டிலேயே 8,760 மணியைக் கடந்திருக்கும். தயாரிப்பு ஆண்டையும் இந்த மணிக்கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஒரு திரையின் வரலாறு தெரியும்.

எல்லாத் திரைகளும் 192க்குப் பதில் சொல்வதில்லை. சில பூச்சியத்தையே திருப்பித் தருகின்றன. இதைவிட முக்கியமாக, பழுதான படப்புள்ளி எங்கே இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியவே தெரியாது, ஏனெனில் அதைத் திருப்பிச் சொல்லும் உணரி சாதாரணத் திரையில் இல்லை. எனவே "உங்கள் திரையின் ஆரோக்கியம் 87 விழுக்காடு" என்று காட்டும் நிரல்களை நான் நம்புவதில்லை. திரைக்கு அருகே கள்ளிச்செடி வைத்தால் கதிர்வீச்சை அது உறிஞ்சிக்கொள்ளும் என்று சொல்பவர்களை நம் அலுவலகங்களில் இன்றும் பார்க்கலாம். அந்த விழுக்காடும் அதே வகை நம்பிக்கைதான், எண்ணாக வருவதால் அறிவியல் போலத் தோன்றுகிறது. ஒளியைக் குறைப்பதாகச் சொல்லும் நிரல்களிலும் ஒரு பிரிவு, பின்னொளியைத் தொடாமல் படத்தின் நிறங்களை மட்டுமே கறுக்கச் செய்கிறது. எல்சிடி திரையில் அதனால் மின்சாரமும் மிச்சமாகாது, பின்னொளியின் ஆயுளும் நீளாது.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972 முதல் சில்லுகளைப் பொருத்திச் சோதித்துவரும் நாடு நம்முடையது. ஆயினும் திரையின் ஒளியை மாற்றும் அந்த எட்டு எண்களை ஒரு மாணவர் தம் கையால் அனுப்பிப் பார்க்கும் வாய்ப்பு நம் பள்ளிகளில் அரிதாகவே அமைகிறது. கழித்துப் போட்ட ஒரு திரையும், சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் நுண்கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றும் இதற்குப் போதும். அறிவியல் கழகங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை விழா மேடைக்குச் செலவிடாமல் இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

வாசகர் தம் மடிக்கணினியையும் ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் கடைக்கு எடுத்துச் செல்லட்டும். லினக்ஸ் என்றால் டிடிசியூட்டில் என்ற நிரல், விண்டோஸ் என்றால் டிடிசி/சிஐ குறியீடுகளை நேரடியாகப் படித்துக் காட்டும் இலவச நிரல் ஒன்று முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். திரையின் சொந்த அமைப்புப் பட்டியலில் (மெனு) டிடிசி/சிஐ அணைக்கப்பட்டிருந்தால் முதலில் அதை இயக்க வேண்டும். தயாரிப்பு ஆண்டையும் மணிக்கணக்கையும் குறித்துக்கொண்ட பிறகு, திரை முழுவதையும் ஒரே சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என மாற்றி மாற்றிக் காட்டி, பழுதான புள்ளிகளைக் கண்ணாலேயே தேட வேண்டும். கறுப்புத் திரையில் ஓரங்கள் வெளிறித் தெரிகின்றனவா என்று பார்ப்பதற்கு, கடைக்காரரிடம் கேட்டு அந்தப் பக்கத்து விளக்கைச் சற்று அணைத்து வைப்பது நல்லது.