புத்தகத்தை மூடிய பிறகு வரையட்டும்

சிறுவர்களுக்கு ஓவிய வகுப்பு எடுத்துவரும் எனக்குப் பெற்றோரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி, "பிள்ளை நன்றாக வரைய எந்தப் புத்தகம் வாங்கித் தரலாம்?" என்பதுதான். யானையைப் படிப்படியாக வரையக் கற்றுத்தரும் பயிற்சி நூலையோ, கோட்டுக்குள் வண்ணம் தீட்டும் புத்தகத்தையோ மனத்தில் வைத்தே பெரும்பாலானோர் இதைக் கேட்கிறார்கள். நான் பரிந்துரைப்பது கதைப் படப்புத்தகத்தை; அதிலும், படம் எப்படி உருவானது என்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே கண்டுபிடிக்கக்கூடிய புத்தகத்தை.

லியோ லியோனி 1959இல் வெளியிட்ட தம் முதல் சிறுவர் நூலில் கதைமாந்தர்கள் எல்லோரும் கிழித்த தாள் துண்டுகளே. ரயிலில் பேரப்பிள்ளைகளை அமைதியாக உட்காரவைக்க, கையிலிருந்த பத்திரிகையின் பக்கங்களைக் கிழித்து அவர் சொன்ன கதை அது. நீலத் துண்டும் மஞ்சள் துண்டும் கட்டித் தழுவிக்கொண்டு பச்சையாகிவிடும். எரிக் கார்லின் படப்புத்தகத்தில் (1969) வரும் பசித்த கம்பளிப்புழுவோ வண்ணம் பூசிய மெல்லிய டிஷ்யூ தாளை வெட்டி ஒட்டி உருவானது. தூரிகை இழுபட்ட தடம் அந்தப் படங்களில் அப்படியே தெரியும். இத்தகைய பக்கங்களைப் பார்க்கும் குழந்தைக்கு, 'இதை என்னாலும் செய்ய முடியும்' என்ற துணிவு யாரும் சொல்லாமலே வந்துவிடுகிறது.

"எனக்கு வரைய வராது" என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு லியோனியின் கதையைப் படித்துக்காட்டிவிட்டு, கிரேயான்களை ஒதுக்கி, வண்ணத்தாள்களை மட்டும் எதிரே வைத்தேன். வெகுநேரம் கிழித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஓரமெல்லாம் பிசிறடித்த நீண்ட சிவப்புத் துண்டு ஒன்றை ஒட்டி, "இது கோவமா இருக்கு" என்றாள். தாளின் மூலையில் ஒட்டிய சின்ன வெள்ளைத் துண்டைக் காட்டி, "அது ஒளிஞ்சிருக்கு" என்றாள்.

குழந்தை வரையத் தொடங்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். திறந்தே இருந்தால் அதைப் பார்த்து வரைவதிலும், "அதே மாதிரி வரலையே" என்று அழிப்பதிலும் ஆர்வம் முழுவதும் கரைந்துபோகும். "இது என்ன?" என்று கேட்பதைவிட "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேட்பது நல்லது. மூன்று, நான்கு வயதில் உடம்பே இல்லாமல் தலையிலிருந்து நேராகக் கை கால் முளைத்த மனிதர்களைப் பிள்ளைகள் வரைவது இயல்பான வளர்ச்சிதான்; தயவுசெய்து திருத்தாதீர்கள்.

சொற்களே இல்லாத படப்புத்தகங்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றில் கதையைச் சொல்லும் வேலை குழந்தையுடையது. ஒரே புத்தகத்தைப் பத்தாவது முறையாகக் கொண்டுவந்து நீட்டினாலும் சலிக்காமல் படியுங்கள்: முதலிரண்டு முறை கதையின் பின்னே ஓடிய கண், அதன் பிறகுதான் பக்கத்தின் மூலைகளுக்கும், நிழல்களுக்கும், தாளின் கிழிந்த ஓரத்துக்கும் வந்து சேர்கிறது.