படைத்தவரா, எளிய காரணங்களா: பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றி ஓர் இயற்பியல் ஆசிரியர்

பிரபஞ்சம் பற்றிய பாடம் வந்தாலே வகுப்பில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்: “சார், இதையெல்லாம் யாராவது படைத்தார்களா, தானாகவே வந்ததா?” இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வருவதில்லை. தட்டிக்கழித்தால் பிள்ளைகள் வீடியோக்களில் பதில் தேடுவார்கள். அங்கே ஒருவர் அறிவியல் கடவுளை நிரூபித்துவிட்டது என்பார். இன்னொருவர் கடவுள் இல்லை என்றே நிரூபித்துவிட்டது என்பார். இரண்டுமே உண்மையில்லை.

எளிய காரணங்களை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் கரும்பலகையில் ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன். பிரபஞ்சம் மிகுந்த வெப்பத்தோடும் அடர்த்தியோடும் விரியத் தொடங்கிய பெருவெடிப்பை அடுத்து, அணுக்கருக்கள் உருவான முதல் சில நிமிடங்களில், ஏறத்தாழ 7 புரோட்டானுக்கு 1 நியூட்ரான் இருந்தது. 14 புரோட்டான், 2 நியூட்ரான் என்று எடுத்துக்கொள்வோம். 2 நியூட்ரானும் 2 புரோட்டானும் சேர்ந்தால் ஒரு ஹீலியம் அணுக்கரு. அதன் நிறை 4. மிச்சமுள்ள 12 புரோட்டானும் ஹைட்ரஜன். மொத்தம் 16-இல் 4, அதாவது 25 சதவீதம் ஹீலியம். விண்மீன்கள் உண்டாக்கிய தனிமங்கள் அதிகம் கலக்காத வாயுப் பகுதிகளை அளந்து பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே கால் பங்குதான் வருகிறது.

சரி, அந்த 7-க்கு 1 எங்கிருந்து வந்தது? நியூட்ரான் புரோட்டானைவிடக் கொஞ்சம் கனமானது. அதை உண்டாக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும். அதனால் வெப்பம் தணியத் தணிய அதன் பங்கு குறைந்தது. போதாததற்குத் தனியாக இருக்கும் நியூட்ரான் சிதைந்தும் போகும். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இத்தனை சாதாரணமான காரணங்கள் விளக்குவதை எத்தனை முறை நடத்தினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு, துகள்களும் விதிகளும் ஏற்கெனவே இருக்கின்றன என்ற இடத்தில்தான் தொடங்குகிறது. பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவது இதைத்தான். ‘ஒன்றுமில்லாததிலிருந்து, மிகச்சிறு துகள்களை ஆளும் குவாண்டம் விதிப்படி பிரபஞ்சம் வந்தது’ என்று யாராவது சொன்னால், அந்த விதி எங்கே இருந்தது என்று கேளுங்கள். விதி இருந்தால் அது ‘ஒன்றுமில்லாதது’ ஆகாது.

மறுபக்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். கோள்களின் பாதைகள் காலப்போக்கில் தடுமாறும், கடவுள்தான் அவ்வப்போது சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டனே கருதினார். வியாழனும் சனியும் காட்டிய விலகலை 1780-களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் ஈர்ப்பு விதியை வைத்தே விளக்கிவிட்டார். நமக்கு இன்று தெரியாத இடத்தில் கடவுளை நிறுத்தினால், நாளை விடை கிடைக்கும்போது அவரை அங்கிருந்து நகர்த்த வேண்டிவரும். நம்பிக்கை உள்ளவர்களுக்கே அது நல்லதல்ல.

இந்த இடத்தில் நான் பெரிதும் மதிப்பவர் பெல்ஜிய இயற்பியலாளர் ஜார்ஜ் லெமேத்ர். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இலும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931-இலும் எழுதியவர். அவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசினார். மகிழ்ந்திருக்க வேண்டிய லெமேத்ர் அதை விரும்பவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அப்புறம், ‘பெருவெடிப்புக்கு முன் என்ன?’ என்று பிள்ளைகள் விடாமல் கேட்பார்கள். பின்னோக்கிப் போகப் போக அடர்த்தியும் வெப்பமும் ஏறி, ஒரு கட்டத்தில் ஈர்ப்பை விவரிக்கும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் பொருளற்றுப் போகின்றன. அதுதான் முதல் கணமா, அதற்கு முன்பும் ஏதாவது இருந்ததா என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கும் கோட்பாடு வேண்டும். அதற்குப் பல முயற்சிகள் நடக்கின்றன. எதுவும் இன்னும் சோதனையில் உறுதியாகவில்லை. வகுப்பிலும் இதை அப்படியேதான் சொல்கிறேன்.