இரண்டாம் இடத்துக்கு வந்த வினைச்சொல்

டென்மார்க்கின் தெற்கே கல்லெஹூஸில் 1734இல் ஒரு தங்கக் கொம்பு கிடைத்தது. 1802இல் ஒரு பொற்கொல்லர் அதைத் திருடி உருக்கிவிட்டார். நல்லவேளை, அதிலிருந்த எழுத்துகளை முன்பே வரைந்து வைத்திருந்தார்கள். கி.பி. 400 வாக்கில், வட ஐரோப்பாவின் பழைய எழுத்தான ரூனிக்கில் பொறித்த ஒரே வரி: "எக் ஹ்லெவகஸ்திஸ் ஹோல்திஜஸ் ஹோர்ன தவிதோ." நான், இன்னார், கொம்பைச் செய்தேன். தமிழில் வருவது போலவே வினை கடைசியில்.

ஒரு வரியை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், ஆங்கிலம் முதலான ஜெர்மானிய மொழிகளின் மூலமொழியில் வினை கடைசியில் வருவதே இயல்பு என்பது பரவலான கருத்து. இன்றோ இவற்றில் பலவற்றில் வினை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் நிற்கிறது. அப்புறம் எப்படி அது முன்னால் வந்தது? 1892இல் யாக்கோப் வாக்கர்நாகல் என்ற மொழியியலாளர் ஒரு விளக்கம் தந்தார். சமஸ்கிருதமும் ஜெர்மானிய மொழிகளும் அடங்கிய இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் பழைய மொழிகளில், உச்சரிப்பில் அழுத்தமில்லாத சின்னச் சொற்கள் வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். வேத சமஸ்கிருதத்தில் முதன்மை வாக்கியத்தின் வினைக்கு அழுத்தம் கிடையாது, அதைச் சார்ந்து வரும் துணை வாக்கியத்தின் வினைக்கு உண்டு. ஆகவே அழுத்தமில்லாத வினையும் அந்தச் சின்னச் சொற்களைப் போல இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தது என்றார். எல்லாரும் இதை ஏற்கவில்லை. எனக்கென்னவோ அழகான ஊகமாகவே படுகிறது.

இன்றைய ஜெர்மன் மொழி பழசையும் புதுசையும் சேர்த்தே வைத்திருக்கிறது. "ஹொய்ட்ட லேஸ இஷ் தாஸ் பூஹ்": இன்று, படிக்கிறேன், நான், அந்தப் புத்தகம். முதலில் எது வந்தாலும் சரி, வினை இரண்டாவதாக நிற்கும். 'ஏனென்றால்' என்னும் பொருள் தரும் 'வைல்' வந்தாலோ வினை கடைசிக்குப் போய்விடும்: "வைல் இஷ் தாஸ் பூஹ் லேஸ".

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "தனக்கு நேரமில்லை என்கிறான்" என்பதை 'தஸ்' என்ற இணைப்புச்சொல்லோடு சொன்னால், "ஏர் ஸாக்ட், தஸ் ஏர் கைன ட்ஸைட் ஹாட்": 'ஹாட்' என்ற வினை கடைசியில். 'தஸ்'ஸை எடுத்துவிட்டால், "ஏர் ஸாக்ட், ஏர் ஹாட் கைன ட்ஸைட்": வினை முன்னால் வந்துவிடுகிறது. இணைப்புச்சொல்லும் வினையும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுவது போல. 'தஸ்' உட்கார்ந்துவிட்டால் வினைக்கு இடமில்லை. இந்த விதியை விளக்கும் இலக்கணக் கோட்பாடுகளில் ஒன்று இப்படித்தான் பார்க்கிறது.

டச்சும் ஏறக்குறைய இப்படியே. ஸ்வீடிஷில் துணை வாக்கியத்தின் வினையும் கடைசிக்குப் போவதில்லை. ஐஸ்லாந்து மொழியில் துணை வாக்கியத்திலும் வினை இரண்டாவதாக நிற்கும்.

ஆங்கிலம் மட்டும் தனி வழி போனது. பழைய ஆங்கிலத்தில் 'அப்போது' என்று தொடங்கினால் அடுத்து வினைதான், எழுவாய் பிறகே. வேற்றுமை விகுதிகள் தேய்ந்த பின், யார் யாரை அடித்தார் என்பதைச் சொல்லின் இடமே காட்ட வேண்டியிருந்தது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இறுகி, இரண்டாமிட விதி மெல்ல மறைந்தது. "நெவர் ஹேவ் ஐ ஸீன்", "ஹியர் கம்ஸ் த பஸ்" போன்றவை அதன் மிச்சம். "வாட் டிட் ஹி ஸே?" என்று கேட்கும்போதும் 'டிட்' இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது.