சுவரை நகர்த்தினால் நினைவும் நகரும்

வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் வீட்டின் இரண்டு அறைகளும் 10-க்கு 12 அடிதான். டேப் வைத்து அளந்தே பார்த்துவிட்டேன். ஆனாலும் ஒன்று விசாலமாகவும் மற்றது அடைசலாகவும் தெரிகிறதே?"

வெளிர் நிறக் கூரை சற்று உயரமாகத் தெரியும், ஜன்னல் வெளிச்சம் அறையைத் திறந்துகாட்டும். இதெல்லாம் தெரிந்த சங்கதி. எனக்குப் பிடித்தது இதற்கு அடியில் இருக்கும் விஷயம்: மூளைக்குள் டேப் கிடையாது.

1971-இல் நரம்பியல் விஞ்ஞானி ஜான் ஓ'கீஃப் எலியின் ஹிப்போகாம்பஸில், அதாவது நினைவுக்கு உதவும் மூளைப் பகுதியில், 'இட செல்'களைக் கண்டார். எலி ஓர் இடத்துக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும், இடம் மாறினால் வேறொன்று. சரி, "இந்த இடம்" என்பதை அந்தச் செல் எதை வைத்து முடிவு செய்கிறது?

1996-இல் அவரும் சக விஞ்ஞானி நீல் பர்ஜெஸும் 61 செ.மீ. சதுரப் பெட்டியில் எலியை ஓடவிட்டார்கள். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் இருமடங்கு நீளமான பெட்டி. சில செல்கள் துடிக்கும் இடம் அந்தப் பக்கமாகவே ரப்பர் போல நீண்டுவிட்டது! சிலவற்றின் இடம் இரண்டாகப் பிரிந்தது: ஒன்று இந்தச் சுவரிலிருந்து பழைய தூரத்தில், மற்றது எதிர்ச்சுவரிலிருந்து பழைய தூரத்தில். ஆக, இந்தச் செல்கள் சுவர்களைப் பிடித்துக்கொண்டுதான் தங்கள் இடத்தைச் சொல்கின்றன.

மனிதர்களும் அப்படித்தான். 2004-இல் வந்த ஓர் ஆய்வில், கணினித் திரையில் ஓர் அரங்கைக் காட்டி, ஒரு பொருள் இருந்த இடத்தை நினைவில் வைக்கச் சொன்னார்கள். பிறகு அரங்கின் நீள அகலத்தை மாற்றினார்கள். பொருள் சுவரோரம் இருந்திருந்தால், பங்கேற்றவர்கள் பக்கத்துச் சுவரிலிருந்து அதே தூரத்தைக் காட்டினார்கள். நடுவில் இருந்திருந்தால், மாறிய அளவுக்கேற்ற விகிதத்தில் காட்டினார்கள்.

எலி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதால் என்ன லாபம் என்று கேட்டு அன்றே பணத்தை நிறுத்தியிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்காது. ஓ'கீஃப்புக்கு நோபல் கிடைத்தது 2014-இல், 43 ஆண்டுகள் கழித்து. அடிப்படை ஆய்வுக்கு அந்தப் பொறுமையோடுதான் நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுவரைக் காட்டுவது கண் மட்டும் அல்ல. காலி அறையில் கண்ணை மூடிக் கைதட்டுங்கள். 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டு ஒலி திரும்ப ஏறக்குறைய 17 மில்லிவினாடி ஆகும். அது தனி எதிரொலியாகக் கேட்காது, ஆனால் தட்டலின் குரலே மாறிவிடும். மெத்தையும் திரைச்சீலையும் வந்தபின் தட்டினால் அந்தக் கணகணப்பு அடங்கியிருக்கும். உங்கள் இரண்டு அறைகளிலும் இதைச் செய்து பாருங்கள்.