முதல் வீடு வாங்குவோர் கவனத்திற்கு: தகுதிக் கடிதம் முதலில், வீடு பார்ப்பது பிறகு

நம் குடும்பங்களில் வீடு வாங்கும் பேச்சு பெரும்பாலும் வீடு பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை முகவர் ஒருவர் கதவைத் திறந்துவிடுவார். அம்மா சமையலறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்பா எம்ஆர்டி நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்று கேட்பார். வீடு மனத்துக்குப் பிடித்த பிறகுதான் அதை வாங்கத் தகுதி இருக்கிறதா, எவ்வளவு கடன் கிடைக்கும், ஊரில் உள்ள சொத்து குறுக்கே நிற்குமா என்ற கேள்விகள் எழுகின்றன. இந்த வரிசை தலைகீழானது. சிங்கப்பூரின் அரசாங்க வீடுகளைக் கட்டி விற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விதிகளை அறியாததால் மட்டுமன்றி, அறிந்தும் காலம் கடந்து அறிந்ததால் முன்பணத்தை இழந்தவர்களும் உண்டு.

2023 மே 9 முதல், கழக வீடு எதை வாங்குவதாக இருந்தாலும் வீட்டுத் தகுதிக் கடிதம் கட்டாயம். புதிய பிடிஓ வீட்டுக்கு (விண்ணப்பம் பெற்ற பிறகு கட்டப்படும் வீடு) விண்ணப்பிக்கவும், மறுவிற்பனை வீட்டுக்கு விற்பவரிடமிருந்து ஆப்ஷன் (வாங்கும் உரிமைப் பத்திரம்) பெறவும் அது கையில் இருக்க வேண்டும். நீங்கள் புதிய வீடு வாங்கலாமா, மறுவிற்பனை வீடு வாங்கலாமா, எவ்வளவு மானியம் கிடைக்கும், கழகத்திடமிருந்து எவ்வளவு கடன் பெறலாம் என்பன அனைத்தும் அந்த ஒரே கடிதத்தில் இருக்கும். சிங்பாஸ் மின்னடையாளம் கொண்டு கழகத்தின் வீட்டு இணையவாசலில் விண்ணப்பிக்கலாம்; வங்கிக் கடன் நாடுவோர் அதே இடத்தில் வங்கியின் கொள்கையளவு ஒப்புதலுக்கும் கேட்கலாம். ஆவணங்கள் முழுமையாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகலாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. கடிதம் 9 மாதங்களுக்குச் செல்லும். பிடிஓ விற்பனை ஆண்டின் தொடக்கம், நடு, அக்டோபர் என மூன்று முறை நடைபெறுவதால், விற்பனை அறிவிக்கப்பட்ட பிறகு விண்ணப்பிப்பவருக்கு அந்தச் சுற்று கைநழுவிப் போக வாய்ப்புண்டு.

தகுதியின் அடிப்படை எளிது. புதிய வீடு வாங்கும் தம்பதியரில் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகனாகவும் மற்றவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். குடும்பத்தின் மாத வருமான உச்சவரம்பு 2019 செப்டம்பரில் 14,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. திருமணமாகாதவர்கள் 35 வயதில் தனியாக வாங்கலாம்; 2024 அக்டோபர் முதல் அவர்கள் எந்த வட்டாரத்திலும் புதிய ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நிச்சயிக்கப்பட்ட இணைகள் திருமணத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், ஆனால் சாவி வாங்கிய 3 மாதங்களுக்குள் திருமணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். கோயிலில் தாலி கட்டும் நாளையும் பதிவு நாளையும் தனித்தனியே வைக்கும் நம் வழக்கத்தில், கழகம் கணக்கில் எடுத்துக்கொள்வது பதிவுச் சான்றிதழைத்தான் என்பதை இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனி, தமிழ்க் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடத்துக்கு வருவோம்: ஊரில் உள்ள சொத்து. புதிய வீடு, வீட்டு மானியம், கழகக் கடன் ஆகிய மூன்றையும் பெற விரும்புவோருக்குச் சிங்கப்பூரிலோ வெளிநாட்டிலோ வேறு தனியார் குடியிருப்புச் சொத்து இருக்கக் கூடாது. விண்ணப்பத்துக்கு முந்தைய 30 மாதங்களில் அப்படிப்பட்ட சொத்தை விற்றிருக்கவோ பிறருக்கு எழுதிக் கொடுத்திருக்கவோ கூடாது. வீடு மட்டுமன்றி நிலமும் இதில் அடங்கும். விலைக்கு வாங்கியது என்றில்லை. தானமாக வந்தது, உயில்வழி அல்லது வாரிசுரிமைவழி வந்தது, கூட்டாக உள்ள பங்கு என எல்லாவற்றையும் அறிவித்தாக வேண்டும். வீட்டில் சேர்ந்து குடியிருக்கப் பெயர் கொடுப்பவருக்கும் இது பொருந்தும்.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தந்தை காலமானபின் தஞ்சைப் பக்கத்து ஊரில் இருந்த ஓட்டுவீடு சகோதரர் மூவர் பெயரிலும் பட்டா மாற்றப்பட்டிருந்தது. அவர் அந்த வீட்டில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை; வாடகையும் வாங்கியதில்லை. தகுதிக் கடிதத்துக்கான படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து பற்றிய கேள்வியைப் படித்தபோதுதான் பட்டாவில் தம் பெயர் இருப்பது நினைவுக்கு வந்தது. தம் பங்கை அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரம் பதிவான நாளிலிருந்து 30 மாதங்களை எண்ணியபடி இப்போதும் தாயார் வீட்டில் இருக்கிறார். திருமணப் பேச்சு தொடங்கிய காலத்திலேயே யாராவது இதை எடுத்துச் சொல்லியிருந்தால், அந்தக் காத்திருப்பின் பெரும்பகுதி முன்பே கழிந்திருக்கும். ஆகவே வீடு வாங்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே ஊர்ச் சொத்தின் பத்திரங்களை எடுத்துப் பார்த்து, ஐயமிருந்தால் கழகத்திடம் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஆலோசனை கூறுவோரின் பேச்சைக் கேட்க வேண்டாம். பொய்த் தகவல் தந்தால் வீட்டையே திரும்பக் கொடுக்க நேரிடலாம்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மணமுடித்து வந்த துணைவர் இன்னும் நிரந்தரவாசியாகாத குடும்பங்களும் நம்மிடையே பல. நீண்டகால வருகை அட்டையிலோ வேலை அனுமதியிலோ இருக்கும் துணைவருடன், 21 வயது நிறைந்த குடிமகன் மறுவிற்பனை வீடு வாங்கத் தனித் திட்டம் இருக்கிறது. வீடு குடிமகன் பெயரில் மட்டுமே இருக்கும். துணைவர் குடியிருப்பவராகப் பதிவாவார். மானியமும் தனியருக்கான அளவில்தான் கிடைக்கும். பிறகு துணைவர் நிரந்தரவாசியோ குடிமகனோ ஆனதும் மீதி மானியத்தைக் கேட்டுப் பெறலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அதேபோல, குடிமகனும் நிரந்தரவாசியும் சேர்ந்து புதிய வீடு வாங்கும்போது கூடுதலாகச் செலுத்தும் 10,000 வெள்ளிக்கு ஈடான தொகையை, நிரந்தரவாசித் துணைவர் குடியுரிமை பெற்றபின் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். இருவருமே நிரந்தரவாசிகள் என்றால் மறுவிற்பனை வீடு மட்டுமே, அதுவும் இருவரும் நிரந்தரவாசிகளாகி 3 ஆண்டுகள் ஆன பிறகே. 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரியும் உண்டு.

இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. எந்த ஓர் இனமும் ஒரே புளோக்கில் குவிந்துவிடாமல் எல்லாரும் கலந்து வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். இந்தியர் மற்றும் பிற இனத்தாருக்கான வரம்பு, பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு. வரம்பு நிறைந்த புளோக்கில் இந்தியக் குடும்பம் வீடு வாங்க வேண்டுமானால், விற்பவரும் அதே பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கோயில், கடைகள், உறவினர் எனக் காரணங்களுடன் நாம் விரும்பித் தேடும் சில இடங்களில் இந்த வரம்பு அடிக்கடி நிறைந்துவிடுகிறது. கழகத்தின் இணையத்தளத்தில் புளோக் எண்ணைக் கொடுத்தாலே அம்மாத நிலவரம் தெரியும். ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் அது புதுப்பிக்கப்படுகிறது. வீட்டைப் பார்க்கப் பேருந்தில் ஏறும் முன்பே பார்த்துவிடுங்கள். பிடிஓ வீடுகளுக்கும் இது பொருந்துவதால், உங்கள் வரிசை எண் வரும்போது வீடுகள் மீதமிருந்தும் இந்தியருக்கான ஒதுக்கீடு தீர்ந்திருக்கக்கூடும். சீனருக்கான வரம்பு நிறைந்த புளோக்கில் இந்தியர் ஒருவர் தம் வீட்டைச் சீனக் குடும்பத்துக்கு விற்க முடியாது என்பதையும், பிற்காலத்தில் விற்க நினைப்பவர்கள் இப்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

பிடிஓவா மறுவிற்பனையா என்பது பொறுமைக்கும் பணத்துக்கும் இடையிலான தேர்வு. பிடிஓ மலிவு, ஆனால் குலுக்கல், கட்டுமானம் எனச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் புதிய வீடுகள் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என மூவகையாக விற்கப்படுகின்றன. ஸ்டாண்டர்ட் வீட்டில் 5 ஆண்டும், மற்ற இரண்டிலும் 10 ஆண்டும் குடியிருந்த பிறகே விற்கலாம். பிளஸ், பிரைம் வீடுகளை விற்கும்போது விலையில் ஒரு பகுதியைக் கழகத்துக்குச் செலுத்த வேண்டும், முழு வீட்டையும் ஒருபோதும் வாடகைக்கு விட முடியாது. முதல்முறை வாங்குவோருக்குக் குலுக்கலில் கூடுதல் வாய்ப்பு உண்டு. ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுக்க அழைக்கப்பட்டும் எடுக்காமல் விட்டால், 2023 ஆகஸ்ட்டிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரே முறை விட்டாலும் ஓராண்டுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். முயன்று பார்ப்போம் என்று விண்ணப்பிப்பது இப்போது உகந்ததன்று.

மானியங்களைப் பொறுத்தவரை, மேம்படுத்தப்பட்ட மத்திய சேமநிதி (சம்பளத்திலிருந்து சேரும் கட்டாயச் சேமிப்பு) வீட்டு மானியம் 2024 ஆகஸ்ட் 20 முதல் குடும்பங்களுக்கு 120,000 வெள்ளி வரையும் தனியருக்கு 60,000 வெள்ளி வரையும் உயர்ந்துள்ளது. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். குடும்ப வருமானம் 9,000 வெள்ளிக்கு மேற்படக் கூடாது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் இருவரில் ஒருவராவது தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பதால், வேலை மாற நினைப்பவர்கள் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுவிற்பனை வீடு வாங்கும் குடிமக்கள் தம்பதியருக்கு நாலறை வீடு வரை 80,000 வெள்ளி, ஐந்தறையும் அதற்கு மேலும் 50,000 வெள்ளி எனக் குடும்ப மானியம் தனியே உண்டு. பெற்றோருடன் சேர்ந்து வாழ வாங்கினால் 30,000 வெள்ளியும், அவர்கள் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளியும் மேலும் கிடைக்கும். பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டியே பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு இந்தக் கடைசி மானியம் பணத்தையும் தாண்டிய உதவி.

கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். நாலறை மறுவிற்பனை வீட்டை 550,000 வெள்ளிக்குப் பேசி முடிக்கிறீர்கள். கழகத்தின் மதிப்பீடு 530,000 வெள்ளி என்று வருகிறது. இடையிலுள்ள 20,000 வெள்ளியை ரொக்கமாகத்தான் தர வேண்டும். அதற்குச் சேமநிதியையோ கடனையோ மானியத்தையோ தொட முடியாது. கழகக் கடன் மதிப்பீட்டில் 75 விழுக்காடு வரை, அதாவது 397,500 வெள்ளி. மீதி 132,500 வெள்ளியைச் சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்தும் மானியத்திலிருந்தும் கட்டலாம். வங்கிக் கடன் என்றால் குறைந்தது 5 விழுக்காடு ரொக்கமாக இருக்க வேண்டும். வாங்குவோர் முத்திரை வரி முதல் 180,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000-க்கு 2, அதற்கு மேல் 10 லட்சம் வரை 3 என்ற கணக்கில் 11,100 வெள்ளி ஆகும். 397,500 வெள்ளிக் கடனை 2.6 விழுக்காட்டு வட்டியில் 25 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 1,800 வெள்ளி. குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் தவணை போகக் கூடாது. தகுதியைக் கணிக்கும்போது கழகம் 3 விழுக்காட்டு வட்டியைக் கொண்டே பார்ப்பதால், இந்த முழுக் கடனுக்கு 6,300 வெள்ளியை ஒட்டிய வருமானமாவது தேவைப்படும். கழகக் கடன் எடுக்கும்போது சாதாரணக் கணக்கில் ஆளுக்கு 20,000 வெள்ளி வரை விட்டுவைக்கலாம். விட்டுவையுங்கள் என்பதே என் கருத்து. வேலை போனால் ஓராண்டுத் தவணைக்கு அது துணை நிற்கும்.

பழைய வீடுகள் விசாலமானவை, விலையும் குறைவு. ஆயினும் கழக வீடுகள் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகை என்பதால், மீதியுள்ள குத்தகை வாங்குவோரில் இளையவரின் 95 வயது வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். 1980-இல் குத்தகை தொடங்கிய வீட்டுக்கு 2025-இல் 54 ஆண்டுகள் மீதி. வாங்குபவருக்கு 28 வயது என்றால் கூட்டுத்தொகை 82 தான். சேமநிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகையும் கடனும் மேம்படுத்தப்பட்ட மானியமும் அதற்கேற்பக் குறைந்துவிடும். 45 வயதுக்காரருக்கு அதே வீடு முழுமையாகப் பொருந்தும்.

மறுவிற்பனையில் ஆப்ஷன் தொகை 1 முதல் 1,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். அதை உறுதிப்படுத்தும்போது செலுத்துவதையும் சேர்த்து மொத்தம் 5,000 வெள்ளிக்கு மேற்படக் கூடாது. கழகத்தின் படிவத்தைத் தவிர வேறு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம். ஆப்ஷன் 21 நாள் செல்லும். கடன் வாங்கியோ சேமநிதி கொண்டோ வாங்குவோர், ஆப்ஷன் பெற்ற அடுத்த வேலைநாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீடு எதிர்பாராத அளவுக்குக் குறைந்து வந்தால், ஆப்ஷன் தொகையை மட்டும் இழந்து விலகிக்கொள்ள அந்த 21 நாள் உதவும். விண்ணப்பத்தைக் கழகம் ஏற்றதிலிருந்து சுமார் 8 வாரங்களில் வீடு கைக்கு வரும்.

சாவி கிடைத்ததும் பால் காய்ச்ச நல்ல நாள் பார்ப்போம். புதிய வீடு என்றால் அதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒரு சுற்று வாருங்கள்: ஓடுகளைத் தட்டிப் பார்த்து, குழாய்களைத் திறந்துவிட்டு, சன்னல்களை மூடித் திறந்து, குறைகளைப் படமெடுத்துக் கழகத்திடம் தெரிவியுங்கள். குறைகளைச் சரிசெய்துதரும் காலம் ஓராண்டு. ஆனால் புதுப்பிப்புப் பணி தொடங்கிவிட்டால் விரிசல் யாரால் வந்தது என்ற கேள்வி எழும். குளியலறைத் தரை ஓடுகளை முதல் 3 ஆண்டுகளுக்குப் பெயர்க்க அனுமதி இல்லை. பூசையறையாக மாற்றப் பலரும் நினைக்கும் தற்காப்பு அறையின் (வீட்டுக்குள் உள்ள அவசரகாலப் புகலிடம்) சுவரையும் கதவையும் இடிக்கவோ மாற்றவோ கூடாது. சாமி படங்களை அங்கே வைப்பதானால், சுவரைத் துளைக்காமல் தரையில் நிற்கும் மர அலமாரியாகச் செய்துகொள்ளலாம்.