‘புவிவெப்பக் காற்றுப் பிடிப்பு’ எதைக் குறிக்கிறது?

சூழலியல் கட்டுரைகளில் ‘புவிவெப்பக் காற்றுப் பிடிப்பு’ என்ற தொடர் கண்ணில் படுகிறது. நிலத்தின் அடியிலுள்ள வெப்பத்தைக் கொண்டு, காற்றில் கலந்துள்ள கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் முறையைச் சொல்லும் ஆங்கிலத் தொடரின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அது. அதிலுள்ள மூன்று சொற்களும் வாசகரைத் தவறான இடத்துக்கே கூட்டிப் போகின்றன.

ஆங்கிலத் தொடரின் மூலச்சொற்கள் எளியவை. ‘ஜியோ’, ‘தெர்மே’ இரண்டும் கிரேக்கம்: மண், வெப்பம். ‘கேப்ச்சர்’ லத்தீன்வழிச் சொல்: கைப்பற்றுதல்.

தமிழில் ‘பிடிப்பு’ என்றால் தசைப்பிடிப்பு, கொள்கைப் பிடிப்பு. காற்றோடு சேர்ந்தால் வாய்வுப் பிடிப்பு என்றே காதில் விழும். அதைவிடப் பெரிய பிழை, இங்கே யாரும் காற்றைப் பிடிப்பதில்லை. ஆலையின் விசிறி இழுக்கும் காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 0.04 விழுக்காடுதான். அமீன் என்ற, கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள் பூசிய வடிகட்டியில் அது ஒட்டிக்கொள்ள, மீதிக் காற்று வெளியே போய்விடும். வடிகட்டி நிறைந்ததும் பெட்டியை மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சுமார் 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் வாயு கழன்று வரும். காற்றை எடுக்காமல் சூடாக்கினால் ஆக்சிஜன் அமீனைச் சிதைத்துவிடும். இந்த வேலைக்கு வேதியியல் பாடநூலிலேயே ‘பிரித்தெடுத்தல்’ இருக்கிறது.

‘கரி நீக்கம்’ என்போரும் உண்டு. தூய தமிழ்தான், ஆனால் காற்றில் கரி என்றால் புகைக்கரி, அது வேறு மாசு. ‘கரியமிலம்’ என்பதிலுள்ள ‘அமிலம்’ வடமொழிவழி வந்தது என்பதற்காக எல்லோருக்கும் புரிகிற பெயரைத் தள்ளத் தேவையில்லை. மேலும், பிரித்ததெல்லாம் நீக்கியதாகாது. பிரித்த வாயுவைக் குளிர்பானத்தில் அடைத்தால் மூடி திறந்ததும் காற்றுக்கே திரும்பும். ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஓர்கா என்னும் கரியமில வாயு பிரிப்பு ஆலையின் வாயுவை நீரில் கரைத்து, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறைக்குள் செலுத்துகிறார்கள். பாறையின் கால்சியத்தோடு சேர்ந்து அது கல்லாகிறது. அதற்குத்தான் ‘நீக்கம்’ பொருந்தும்.

ஓர்காவுக்கு வெப்பமும் மின்சாரமும் தருவது பக்கத்தில், நிலத்தின் அடியிலுள்ள வெப்பத்தால் இயங்கும் ஹெல்லிஷெய்டி மின்நிலையம். நிலக்கரியை எரித்துச் சூடாக்கினால், பிரித்ததில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே திரும்பிவிடும். ஆகவே வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தொடர் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அங்கே போய் ‘புவிவெப்பம்’ என்று எழுதினால், ‘புவி வெப்பமயமாதல்’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு நோயும் மருந்தும் ஒன்றாகிவிடுகின்றன. ‘நிலத்தடி நீர்’ எல்லோருக்கும் தெரியும். ‘நிலத்தடி வெப்பம்’ என்பதும் அப்படியே விளங்கும். அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடி ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் இதை யோசிப்பதே இல்லை.

‘நிலத்தடி வெப்பத்தால் காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தல்’ என்று முதலில் ஒருமுறை முழுதாக எழுதுங்கள். பிறகு ‘கரியமிலப் பிரிப்பு’ போதும்.