சென்காகு தீவுகளுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் தந்த ஆதரவு: அதன் சட்ட வலு எவ்வளவு?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட், 2012 நவம்பர் 29 அன்று சென்காகு தீவுகள் விஷயத்தில் ஜப்பானுக்கு ஆதரவான ஒரு திருத்தத்தை ஒருமனதாக ஏற்றது. வர்ஜீனியா மாநிலத்தின் செனட் உறுப்பினர் ஜிம் வெப் முன்மொழிந்த அந்தத் திருத்தம், ஆண்டுதோறும் வரும் பாதுகாப்புத் துறைச் சட்டத்தில் ஒரு பிரிவாகச் சேர்ந்தது. 2013 ஜனவரி 2 அன்று அதிபர் ஒபாமா அதில் கையெழுத்திட்டார். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் 'சண்டை மூண்டால் அமெரிக்கா இறங்கிவிடும்' என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அது சரியல்ல.

சென்காகு, கிழக்குச் சீனக் கடலில் ஆள் வசிக்காத சிறு தீவுக்கூட்டம். ஜப்பான் நிர்வகிக்கிறது; சீனாவும் தைவானும் உரிமை கோருகின்றன. 2012 செப்டம்பரில் தனியாரிடமிருந்த மூன்று தீவுகளை ஜப்பான் அரசு விலைக்கு வாங்கியது. அதன்பின் சீன ரோந்துக் கப்பல்கள் அங்கே அடிக்கடி நுழையத் தொடங்கின.

அமெரிக்காவை உண்மையில் கட்டுப்படுத்துவது ஜப்பானுடன் 1960இல் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தம்தான். அதன் 5ஆவது பிரிவு, 'ஜப்பானின் நிர்வாகத்தில் உள்ள பகுதிகள்' தாக்கப்பட்டால் இரு நாடுகளும் சேர்ந்து எதிர்கொள்ளும் என்கிறது. தீவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியையே அந்தப் பிரிவு எழுப்பவில்லை. 1972இல் ஒகினாவாவோடு இத்தீவுகளையும் ஜப்பானிடம் திருப்பியளித்தபோதும், நிர்வாக உரிமையை மட்டுமே ஒப்படைப்பதாகவும் இறையாண்மை குறித்துத் தனக்கு நிலைப்பாடு இல்லை என்றும் அமெரிக்கா கூறியது. அந்த நிலைப்பாடு இன்றும் மாறவில்லை.

இதில் ஜப்பானுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. சீனக் கப்பல்கள் நாள்தோறும் வந்து, 'இங்கே நிர்வாகம் செய்வது நாங்களும்தான்' என்று காட்டத் தொடங்கினால், ஒப்பந்தத்தின் அடித்தளமே ஆட்டம் காணும். வெப் திருத்தம் அடைக்க முயன்றது இந்த ஓட்டையைத்தான். மூன்றாம் நாடு ஒன்று தன்னிச்சையாக எடுக்கும் நடவடிக்கை, ஜப்பானின் நிர்வாகத்தை அமெரிக்கா ஏற்றிருப்பதைப் பாதிக்காது என்று அது அறிவித்தது. அந்த ஒரு வாக்கியம்தான் திருத்தத்தின் உயிர் என்பது என் கருத்து.

ஆனால் இது நாடாளுமன்றத்தின் கருத்து வெளிப்பாடு மட்டுமே. சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்தாலும் எந்த அதிபரையும் இது படை அனுப்பக் கட்டாயப்படுத்தாது. ஒப்பந்தமும் தானாகப் போரைத் தொடங்கிவைக்காது; அவரவர் அரசமைப்பு நடைமுறைப்படியே செயல்படுவோம் என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவில் போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. அதிபர் தாமாகப் படையை இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1973ஆம் ஆண்டுச் சட்டம்.

அப்படியானால் இதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. நாளை போருக்கு ஒப்புதல் கேட்டு அதிபர் வந்து நிற்கப்போவது இந்த உறுப்பினர்களிடம்தான். அவர்கள் கட்சி வேறுபாடின்றி முன்கூட்டியே பேசிவிட்டால், எதிர்த்தரப்பு அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். 2014 ஏப்ரலில் டோக்கியோ சென்ற ஒபாமா, 5ஆவது பிரிவு சென்காகுவுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

இத்தகைய ஆதரவின் உறுதியை அறிய, கூடவே பணமும் ஒதுக்கப்பட்டதா என்று பாருங்கள். தென்சீனக் கடலில் சீனாவோடு மோதலில் இருக்கும் பிலிப்பைன்ஸுடனும் அமெரிக்காவுக்கு 1951 முதல் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு. அந்நாட்டின் படையையும் கடலோரக் காவலையும் வலுப்படுத்த 50 கோடி டாலர் தருவதாக 2024 ஜூலையில் அமெரிக்க அமைச்சர்கள் மணிலாவில் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கூடுதல் நிதிச் சட்டத்திலிருந்து வந்த பணம் அது.